கத்தரி நல்லா இருந்தாத்தான் கைத்தொழில் நிலைக்கும்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில், பியூட்டி பார்லர் வைக்கக் கடன் கேட்டு நாலு குழுக்களிலிருந்து தீர்மானம் வந்திருந்தது. நாலு பேரும் கொடுத்த செலவுப் பட்டியலை வாசித்துப் பார்த்தோம். நாற்காலிக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, போர்டு எழுத இவ்வளவு, ஃபேசியல் கிரீமுக்கு இவ்வளவு என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கத்தரிக்கோல் மட்டும் கடைசியில், 'சீப்பு, கத்தரி, கிளிப் முதலியன' என்று ஒரே வரிக்குள் அடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். அந்த ஒரு வரியால் நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

எங்களுக்கு நடந்தது

நாங்கள் ஒரே குழுவைச் சேர்ந்த மூன்று பேர். மாவட்டத் தலைநகரில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில், சாப்பாட்டோடு இலவசமாக அழகுக்கலைப் பயிற்சி முடித்தோம். குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஊரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தோம். "முடி வெட்டுற வேலைக்கா வீட்டுப் பொம்பளைங்க போறது?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எந்தத் தொழிலிலும் கேவலம் கிடையாது, வாங்கின கடனைக் கட்டாமல் இருப்பதுதான் கேவலம் என்று பதில் சொன்னோம்.

கையில் இருந்த பணமெல்லாம் கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் போய்விட்டது. டவுனில் ஒரு ஃபேன்சி கடையில் மூன்று கத்தரி சேர்ந்த செட் ஒன்று, ரெக்சின் பையோடு, பளபளவென்று மலிவாகக் கிடைத்தது. வாங்கி வந்தோம். இரண்டு மாதம் நன்றாகத்தான் வெட்டியது. அந்தக் கத்தரியால் முடியை மட்டுமா வெட்டினோம்? பூக்கட்டிய நூலை வெட்டினோம். ஷாம்பு பாக்கெட்டை வெட்டினோம். ஃபேசியலுக்குப் பஞ்சு வெட்டினோம். மூன்றாம் மாதம் கத்தரி மழுங்கியதும், தெருவில் வந்த சாணைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். பொறி பறக்கச் சாணை பிடித்துக் கொடுத்தார். புது அரிவாள் மாதிரி மின்னியது. 'இனி மூணு மாசத்துக்குக் கவலை இல்லை' என்று சந்தோஷப்பட்டோம்.

மறுநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அக்கா கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருந்தது. இடுப்பு வரை முடி. நுனியை மட்டும் 'யு கட்' செய்யச் சொன்னாள். கத்தரியை வைத்தால் முடி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டது. இழுத்தால், "அக்கா, வலிக்குது" என்றாள். சரி செய்யச் செய்ய ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. கடைசியில் முடி முதுகின் பாதியில் வந்து நின்றது. அவள் அழுதுவிட்டாள். அவள் அம்மா வந்து, "எலி கொறிச்ச மாதிரி வெட்டி வச்சிருக்கீங்களே, இதுக்குத்தான் படிச்சிட்டு வந்தீங்களா?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அந்த மாதம் முடி வெட்ட ஒருவரும் வரவில்லை. தவணை கட்ட முடியவில்லை. குழுக் கூட்டத்தில் எங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அமைதிதான் தாங்க முடியாமல் இருந்தது. அது பதினைந்து பேருடைய சேமிப்புப் பணம் அல்லவா!

"தாயி, இது கத்தரி இல்ல, இடுக்கி"

பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்பில் சலூன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஆண்கள் கடைக்குள் போகத் தயக்கம். மத்தியானம் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் வாசலில் நின்றோம். அவரே வெளியே வந்து கத்தரியை வாங்கினார். எதையும் வெட்டிப் பார்க்கவில்லை. விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தாயி, இது கத்தரி இல்ல, இடுக்கி. முடியைக் கவ்வும், வெட்டாது" என்றார்.

பிறகு தன்னுடைய கத்தரியை எடுத்துக் காட்டினார். பதினாலு வருஷமாக அதே கத்தரி. திறந்து மூடினால் சத்தமே இல்லை. அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு நாங்கள் விசாரித்தும் பட்டும் தெரிந்துகொண்டதையும் கீழே தருகிறோம்.

முடிக் கத்தரி வேறு, துணிக் கத்தரி வேறு

உத்தரப் பிரதேசத்தில் உள்ள மீரட் நகரம் கத்தரிக்கோலுக்குப் பேர் போனது. அங்கே பழைய வண்டி இரும்பிலிருந்து கையால் செய்யும் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தையற்காரர்கள் அதை விரும்பி வாங்குவார்கள். பாட்டி வாங்கியதைப் பேத்தி வைத்துத் தைக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட துணிக் கத்தரியால் தலைமுடி வெட்ட முடியாது.

காரணம் இதுதான். துணி ஒரே விரிப்பாக இருக்கும், நழுவாது. முடி அப்படி இல்லை. ஒரு முடியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொன்றும் தனித்தனி, வழவழப்பானது. அலகுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் அதில் படுத்துக்கொள்ளும்.

நல்ல முடிக் கத்தரியின் அலகை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக இருக்காது, லேசாகக் குழிந்திருக்கும். கத்தரியை மூடும்போது இரண்டு அலகும் முழுவதுமாக உரசாது. வெட்டுகிற இடத்தில் மட்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே முனை வரை போகும். அந்தத் தொடுதல்தான் வெட்டு. அந்தக் குழிவு கெட்டுப்போனால், விளிம்பு எவ்வளவு பளபளத்தாலும் முடி வெட்டுப்படாது. சாணைச் சக்கரத்தில் எங்கள் கத்தரிக்கு நடந்தது அதுதான்.

மழுங்கின கத்தரியால் வாடிக்கையாளருக்கும் நஷ்டம். அது முடியை வெட்டாமல் நசுக்குகிறது. நசுங்கின நுனி சீக்கிரமே பிளந்துபோகும். நுனிப் பிளவு போக வெட்டிக்கொள்ள வந்தவருக்கு நாமே நுனிப் பிளவை உண்டாக்கி அனுப்புகிறோம்!

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஆறு

1. நீளம். முடிக் கத்தரி நாலரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை வருகிறது. முனையிலிருந்து வளையத்தின் அடி வரை அளப்பார்கள். சுண்டு விரல் வைக்கும் கொக்கியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்களின் முடி வெட்டப் பழகுகிறவர்களுக்கு ஐந்தரை அல்லது ஆறு அங்குலம் போதும். நம் கைக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கத்தரியை உள்ளங்கையில் படுக்க வையுங்கள். வளையம் பெருவிரலின் அடியில் இருந்தால், முனை நடுவிரலின் கடைசிக் கணுவில் வந்து நிற்க வேண்டும். விரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது நம் கைக்குப் பெரியது.

2. எஃகு. எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. இரும்பில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் சேர்ந்தால் அது எவர்சில்வர். கூர் நிற்க வேண்டுமானால் கார்பனும் வேண்டும். மலிவான கத்தரிகளில் பெரும்பாலும் 420 என்ற வகை எஃகு இருக்கும். அதில் கார்பன் குறைவு. சாணை பிடிப்பது சுலபம், கூர் போவதும் சுலபம். 440 சி என்ற வகையில் கார்பன் சுமார் ஒரு சதவீதமும் குரோமியம் 16 முதல் 18 சதவீதமும் இருக்கும். கூர் நாள்பட நிற்கும். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் 440 சி என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட விலை கூடிய கோபால்ட் கலந்த வகைகளும் உண்டு. ஆரம்பத்திலேயே அவ்வளவு செலவு வேண்டாம்.

பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். கத்தரிக்கு அந்தச் சோதனை செல்லாது. கூர் நிற்கிற எஃகில் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

3. விளிம்பு. இரண்டு வகை. முதல் வகையில் விளிம்பு தட்டையான சரிவாக இருக்கும். இதில் ஒரு அலகில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய பல் போட்டிருப்பார்கள். அது முடியை நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும். பழகுகிறவர்களுக்கு ஏற்றது இதுதான். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தரிகள் இந்த வகைக்குப் பேர் பெற்றவை. இரண்டாவது வகையில் விளிம்பு வெளிப்புறம் வளைந்து வந்து சவரக் கத்தி மாதிரி முடியும். ஜப்பானின் செகி நகரம் இதற்குப் பேர் பெற்றது. வழுக்கிக்கொண்டே முடியைச் சீவும் வேலைக்கு இதுதான் வேண்டும். ஆனால் இதற்குச் சாணை பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கை நன்றாகப் பழகின பிறகு வாங்கினால் போதும்.

கத்தரியில் அச்சடித்த ஊர்ப் பெயரை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். சோலிங்கன் பெயரைக் கண்டவர்களும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஜெர்மனியில் 1938-லேயே சட்டம் போட்டார்கள் என்றால், போலி எத்தனை காலமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

4. பிடி. இரண்டு வளையமும் ஒரே நேராக இருப்பது பழைய மாதிரி. பெருவிரல் வளையம் மற்றதைவிடக் குட்டையாக, கொஞ்சம் முன்னால் இருப்பது புது மாதிரி. இதில் பெருவிரல் அதிகம் நீள வேண்டியதில்லை. கை வலி குறையும். வயல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்துவிட்டு வந்து கத்தரி பிடிக்கிற நமக்கு இந்த இரண்டாவது மாதிரிதான் நல்லது.

5. திருகு. நடுவில் இருப்பது நாமே முடுக்கவும் தளர்த்தவும் கூடிய திருகா என்று பாருங்கள். ஆணி அடித்து மூடியிருந்தால் வேண்டாம். இறுக்கம் போனால் அதைச் சரி செய்ய வழியில்லை.

6. இடக்கைப் பழக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதற்கென்று செய்த கத்தரியைத்தான் வாங்க வேண்டும். வளையத்தை மட்டும் மாற்றிச் செய்தது போதாது. அலகுகளே மாறியிருக்க வேண்டும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் விரல் கொடுக்கும் அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும், முடி மடங்கும். 'எனக்குக் கை வரலை' என்று தொழிலையே விட நினைத்த ஒரு சகோதரிக்குப் பிரச்சினை கையில் இல்லை, கத்தரியில்தான் இருந்தது.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பணம் கொடுக்கிறவர்கள் நாம்.

முதலில் கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒன்றாகச் சேர வேண்டும். அடுத்து, காதருகில் வைத்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். கரகரவென்று சத்தம் வரக் கூடாது. நடுவில் எங்கும் தட்டக் கூடாது. பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நனைத்து, அலகின் முழு நீளத்துக்கும் ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள். முனை வரை சுத்தமாக வெட்ட வேண்டும். காகிதம் மடங்கினாலோ கத்தரியோடு ஒட்டி வந்தாலோ வேண்டாம். உலர்ந்த காகிதத்தை வெட்டிப் பார்க்காதீர்கள். அது விளிம்பைக் கெடுக்கும்.

கையில் போட்டும் பாருங்கள். மோதிர விரல் ஒரு வளையத்தில் இருக்க வேண்டும். பெருவிரலை மற்ற வளையத்தில் நகத்தின் அடி வரை மட்டும் நுழைக்க வேண்டும். முழுவதும் நுழைக்கக் கூடாது. வெட்டும்போது பெருவிரல் மட்டும் அசைய வேண்டும், மற்ற அலகு அசையாமல் நிற்க வேண்டும். வளையம் பெரிதாக இருந்தால் உள்ளே போடும் ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் முறை எத்தனை கத்தரி வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். மலிவு செட் வாங்கும் பணத்தில் நல்லதாக ஒன்று வாங்குங்கள். கையில் பணம் சேர்ந்ததும் அவசரத்துக்கு இன்னொன்று. அதன் பிறகு, அடர்த்தியைக் குறைக்கும் பல் வைத்த தின்னிங் கத்தரி. தின்னிங் கத்தரியை முடியின் வேர்ப் பக்கம் வைக்காதீர்கள். குட்டை முடிகள் ஈட்டி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும்.

இறுக்கம் பார்ப்பது எப்படி?

பெரியவர் எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது இதைத்தான். கத்தரியின் ஒரு வளையத்தை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். மற்ற வளையத்தை மேலே தூக்கி, அலகுகள் கூட்டல் குறி மாதிரி விரியும்படி வைத்து, விட்டுவிடுங்கள். அது தானாக இறங்கி, மூன்றில் இரண்டு பங்கு மூடி, முனையில் கொஞ்சம் திறந்தபடி நிற்க வேண்டும்.

டக்கென்று முழுவதும் மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது. முடி மடங்கும். அலகுகள் ஒன்றோடொன்று மோதிப் பல் விழும். விரித்த இடத்திலேயே நின்றுவிட்டால் திருகு இறுக்கமாக இருக்கிறது. பெருவிரலும் மணிக்கட்டும் வலிக்கும், நடுமூட்டு தேயும். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி சோதித்துப் பாருங்கள். தினமும் கடை திறந்ததும் விளக்கேற்றுகிற மாதிரி இதையும் ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

தினசரி பராமரிப்பு

ஒவ்வொருவருக்கும் வெட்டி முடித்ததும் ஒட்டியிருக்கும் முடியை மென்மையான துணியால் துடைத்துவிட வேண்டும். அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். விளிம்பிலிருந்து உள்ளே துடைத்தால் கையும் அறுபடும், கூரும் போகும்.

இரவு கடை மூடும் முன் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, ஈரம் போகக் காய வைக்க வேண்டும். எவர்சில்வர்தானே, துரு எங்கே பிடிக்கப்போகிறது என்று ஈரத்தோடு வைக்காதீர்கள். கூர் நிற்கிற எஃகு, பாத்திர எவர்சில்வரைவிடச் சீக்கிரம் துரு ஏறும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும்.

காய்ந்த பிறகு கத்தரியை விரித்து, நடுமூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை திறந்து மூடி, வெளியே வரும் கறுப்பை ஒற்றி எடுங்கள். கத்தரிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாங்கள் விட்டிருக்கிறோம்! மார்கழிக் குளிரில் உறைந்து, முடித்துணுக்கோடு சேர்ந்து பிசினாகி, கத்தரி அசையவே இல்லை.

கடைசியாகக் கத்தரியை மூடி, தனி உறையில் வையுங்கள். சீப்பு, கிளிப்போடு சேர்த்து டப்பாவில் போடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்குப் போனால் அது பால் பாக்கெட் வெட்டும்.

கிருமி போக்குவது

இதில் அலட்சியம் கூடாது. நம்மை நம்பி உட்காருகிறவர்களுடைய உடல்நலம் நம் கையில் இருக்கிறது.

அழுக்கும் முடியும் இருந்தால் மருந்து வேலை செய்யாது. முதலில் சுத்தம், பிறகுதான் கிருமிநாசினி. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலை நனைத்த பஞ்சால் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் துடையுங்கள். அது தீப்பற்றும் பொருள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலில் கத்தரியைப் போடாதீர்கள். எஃகை அரித்துப் புள்ளி புள்ளியாக ஆக்கிவிடும்.

காதோரம் வெட்டும்போது தோல் அறுந்து ஒரு துளி ரத்தம் வந்தாலும் அந்தக் கத்தரியை உடனே கீழே வைத்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கத்தரியைச் சோப்பால் கழுவி, ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊற வைத்து, துடைத்துக் காய வைத்து எண்ணெய் விட்ட பிறகே மறுபடி எடுக்க வேண்டும். அவசரத்துக்கு இரண்டாவது கத்தரி வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான்.

தலையில் படர்தாமரையோ சீழ்ப் புண்ணோ இருந்தால் வெட்டக் கூடாது. மற்றவர் காதில் விழாமல், "முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாங்கம்மா, அப்புறம் அழகா வெட்டிவிடுறேன்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புங்கள்.

சாணை எப்போது, யாரிடம்?

முடி மடங்குவது, நழுவுவது, இழுப்பது, ஒரே இடத்தில் இரண்டு தடவை வெட்ட வேண்டியிருப்பது, இவை மழுங்கியதற்கு அடையாளம். ஆனால் முதலில் இறுக்கத்தைச் சரி பார்த்து, துடைத்து, எண்ணெய் விட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அப்படியும் வெட்டவில்லை என்றால்தான் சாணை. தினமும் வெட்டுகிறவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.

அரிவாள்மனைக்கும் துணிக் கத்தரிக்கும் சாணை பிடிக்கிறவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலை வேறு, அவர் கல் வேறு. முரட்டுச் சக்கரத்தில் முடிக் கத்தரியை வைத்தால் விளிம்பின் கோணம் மாறும், உட்குழிவு போகும், சூடேறி எஃகின் உரமும் போகும். சாணை பிடித்த இடம் நீலம் பாய்ந்திருந்தால் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இனிக் கூர் நிற்காது.

முடிக் கத்தரிக்கென்றே சாணை பிடிப்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று சலூன்காரர்களுக்குத் தெரியும். கொடுக்கும்போதே என்ன வகை விளிம்பு என்று சொல்லிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது நனைத்த டிஷ்யூ காகிதத்தால் வெட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

உப்புத்தாளை வெட்டினால், அலுமினியத் தாளை வெட்டினால் கூர் வரும் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். விளிம்பு சொரசொரப்பாகி இரண்டு நாள் வெட்டுகிற மாதிரி தெரியும். பிறகு மொத்தமாகப் போய்விடும்.

கத்தரி கீழே விழுந்துவிட்டால் எடுத்தவுடன் திறந்து மூடிப் பார்க்கக் கூடாது. ஒரு அலகில் பல் விழுந்திருந்தால், மூடும்போது அது மற்ற அலகையும் கீறிவிடும். மெதுவாக விரித்து, வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். புள்ளியாக எங்காவது மின்னினால் அது பல் விழுந்த இடம். அப்படியே எடுத்து வைத்துச் சாணைக்கு அனுப்புங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். மலிவுக் கத்தரி 300 ரூபாய், மூன்று மாதம் வருகிறது. வருஷத்துக்கு நாலு வாங்க வேண்டும், செலவு 1,200 ரூபாய். நல்ல கத்தரி 2,500 ரூபாய், ஐந்து வருஷம் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை சாணை, தடவைக்கு 200 ரூபாய். ஐந்து வருஷச் சாணைச் செலவு 2,000 ரூபாய். மொத்தம் 4,500. வருஷத்துக்கு 900 ரூபாய்தான்.

ஆக, மலிவாக வாங்கினதில்தான் வருஷத்துக்கு 300 ரூபாய் நஷ்டம். கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரையும், மணிக்கட்டு வலிக்குப் போட்ட ஊசியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்ததற்கு எந்த நோட்டில் கணக்கு எழுதுவது?

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

அந்த மாதம் தவறின தவணையை அடுத்த மூன்று மாதத்தில் சேர்த்துக் கட்டினோம். நல்ல கத்தரி ஒன்று வாங்கவும் குழுதான் மறுபடி 3,000 ரூபாய் கொடுத்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றி அந்த ஒன்றை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினோம். அந்தக் கல்லூரிப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். ஆறு மாதம் கழித்து, முடி வளர்ந்த பிறகு, அவளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வெட்டும்போது எங்கள் கை நடுங்கியது, கத்தரி நடுங்கவில்லை. கடன் முழுவதும் அடைந்தது.

இப்போது கூட்டமைப்பிடம் மூன்று விஷயங்கள் கேட்கிறோம். ஒன்று, பார்லருக்குக் கடன் கேட்டு வரும் பட்டியலில் கத்தரிக்குத் தனி வரி இருக்க வேண்டும். அதற்குப் போதுமான தொகை ஒதுக்காத பட்டியலைத் திருப்பி எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டு, நம் பகுதியில் பார்லர் வைத்திருப்பவர்கள் எல்லாருடைய கத்தரிகளையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒன்றாகச் சேர்த்து, பேர் எழுதிக் கட்டி, ஒருவரே கொண்டுபோய்ச் சாணை பிடித்து வரலாம். பஸ் செலவு பங்கு போகும். மூன்று, அந்தச் சலூன் பெரியவரை ஒரு நாள் கூட்டத்துக்கு அழைத்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித் தர வைக்க வேண்டும். கேட்டுவிட்டோம். "வயசான காலத்துல என்னையும் வாத்தியாராக்கிட்டீங்க தாயி, வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கத்தை உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பார்லர் வைத்திருக்கும் சகோதரி யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தன் கத்தரியைக் கொண்டுவரச் சொல்லி, விரித்து விட்டுப் பாருங்கள். டக்கென்று மூடிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று இனி உங்களுக்கே தெரியும்.